கணக்கில் வராத உளுந்து

அவரை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் கையில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் இருந்தது. ராயகிரிக்குக் கிழக்கே ஒரு சிற்றூர். வேறு யாரோ ஒருவருடைய உளுந்து வயலில் தார்ப்பாயை விரித்து, அதன்மேல் தராசை வைத்துச் சமன் பார்த்துக்கொண்டிருந்தேன். வரப்பில் நின்று வேடிக்கை பார்த்த ஐந்தாறு பேரில் ஒருவர், காக்கிக் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டிருந்தவர், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே இறங்கி வந்தார். "தப்பா நெனைக்காதிய மேடம். நிறுக்கதுக்கு முன்னால இதை ஒருக்கா வச்சுப் பாத்துருவமா?" என்று உப்புப் பாக்கெட்டை நீட்டினார். வைத்தேன். தராசு ஒரு கிலோவுக்கு மேல் சில கிராம் காட்டியது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காலி உப்புக் கவரை எடுத்தார். அதை மட்டும் தனியாக வைக்கச் சொன்னார். கூடுதலாகக் காட்டிய கிராம் அப்படியே வந்தது. "கவரு எடைதான். தராசு சரியா இருக்கு. இனி நிறுங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டையும் எடுத்துக்கொண்டு வரப்பேறிப் போய்விட்டார்.

அன்று எனக்குக் கோபம்தான். அரசாங்கத் தராசை ஊர் நடுவில் வைத்துச் சோதிக்க இவர் யார் என்று நினைத்தேன். தென்காசிக்குத் திரும்பும்போது, ஸ்கூட்டரில் பாதி வழியில் சிரிப்பு வந்தது. காலிக் கவரையும் கையோடு கொண்டு வந்திருந்தாரே, அதை நினைத்து.

நான் அப்போது வேளாண்மைப் புள்ளியியலில் களப்பணி பார்த்தேன். ஓர் ஊரில் எவ்வளவு விளைந்தது என்று அந்த ஊர் முழுவதையும் அறுத்து நிறுக்க முடியாது. அதனால் ஊருக்கு நான்கு வயல்கள் குலுக்கல் முறையில் வரும். அந்த வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து, குலுக்கலில் வந்த எண்ணுக்குத் தக்கபடி நீளவாக்கில் இத்தனை அடி, அகலவாக்கில் இத்தனை அடி என்று எட்டி வைத்துப் போய் ஒரு முளையை அடிக்க வேண்டும். அங்கிருந்து பக்கத்துக்கு ஐந்து மீட்டராகக் கயிற்றைக் கட்டி, அந்தச் சதுரத்துக்குள் இருக்கும் செடி எல்லாவற்றையும் பறித்து, காயவைத்து, அடித்து, தூற்றி நிறுக்க வேண்டும். ஊர்க்காரர்கள் இதை 'சாம்பிள் அறுப்பு' என்பார்கள். அந்த நான்கு சதுரங்களில் கிடைப்பதை வைத்துத்தான் ஊரின் விளைச்சல் முடிவாகும். பயிர்க் காப்பீட்டுப் பணம் அந்த ஊருக்கு உண்டா இல்லையா என்பதும் அதை வைத்துத்தான்.

விவசாயிகளையே கேட்டால் என்ன என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். கேட்டுப் பார்த்திருக்கிறேன். கேட்பது யார் என்பதைப் பொறுத்து விளைச்சல் மாறும். கடன் கொடுக்கிறவர் கேட்டால் நல்ல விளைச்சல். சொந்தக்காரர் கேட்டால் ஒன்றுமில்லை. என்னைப் போல் படிவத்தோடு போகிறவர் கேட்டால், இந்தப் படிவம் எங்கே போகும் என்று தெரியாததால் நடுவாக ஒரு எண். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒருவர் மூட்டை மற்றவர் மூட்டை இல்லை. உரம் வாங்கின சீட்டு தொலைந்திருக்கும். பக்கத்து வயலுக்குக் கைமாற்றாகக் கொடுத்த விதை நினைவில் இருக்காது. வீட்டு ஆள் வேலை செய்ததை யாரும் வேலை என்று எண்ணியதில்லை. இவ்வளவு போட்டு இவ்வளவு எடுத்தேன் என்று துல்லியமாகச் சொல்லக்கூடிய ஒரு விவசாயியை அதுவரை நான் கண்டதில்லை. அந்தக் காக்கிக் கால்சட்டைக்காரர்தான் முதல் ஆள்.

அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். தென்காசியிலிருந்து குற்றாலம் வழியாகச் செங்கோட்டைக்குப் போகும் பஸ்ஸைப் பல வருடம் ஓட்டியவர். ஊரில் எல்லோருக்கும் அவர் டிரைவர் அண்ணாச்சி. எனக்கும் அப்படியே ஆனார். அடுத்தடுத்த பருவங்களில் நான் அந்த ஊருக்குப் போகும்போதெல்லாம், யார் வயலில் அறுப்பு நடந்தாலும் வந்து நிற்பார். அவருடைய கண் முளையிலும் கயிற்றிலும்தான் இருக்கும். கயிறு தொய்ந்திருந்தால் குனிந்து இழுத்துக் கட்டுவார்.

ஒருநாள் உளுந்து காய்வதற்காகக் காத்திருந்தபோது, டிப்போ கதையைச் சொன்னார். மாதாமாதம் அங்கே ஒரு பட்டியல் ஒட்டுவார்களாம். ஒரு லிட்டர் டீசலுக்கு எந்த டிரைவர் எவ்வளவு தூரம் ஓட்டினார் என்று. ஒரு வருடம் அவர் பெயர் கடைசியில் வந்தது. மறு வருடம் முதலாவதாக வந்தது. முதல் வருடம் அவருக்குக் கிடைத்தது டீசல் கசியும் பழைய வண்டி. மறு வருடம் புது வண்டி. "ஒரே ரோடு. ஒரே காலு. சீசன்ல சாரலும் கூட்டமும்னா ஊர்ந்துதான் போணும், பங்குனில காலி ரோடு. அதையெல்லாம் எவன் எழுதுதான்? கடைசில வந்தவனும் நான் இல்ல மேடம், மொதல்ல வந்தவனும் நான் இல்ல. நான் எப்படி ஓட்டுனேன்னு எனக்கே இன்னைக்கு வரைக்கும் தெரியாது" என்றார்.

ஓய்வுக்குப் பிறகு, அப்பா வழியில் வந்த ஒன்றே கால் ஏக்கரில் இறங்கியதற்கு அதுதான் காரணம் என்றும் சொன்னார். இங்கே வண்டி மாறாது, ரோடு மாறாது. தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாராம். வந்த பிறகுதான் தெரிந்தது, வானம் வருடத்துக்கு ஒரு வண்டி கொடுக்கும் என்று. ஆனாலும் விடவில்லை. வயலின் தாழ்ந்த மூலையில் ஒரு குட்டை வெட்டினார். மழைத்தூவான் என்கிற ஓட்டைக் குழாயை வாங்கிப் போட்டார். விதை எத்தனை கிலோ, குட்டையில் தண்ணீர் எத்தனை சாண் இறங்கியது, தானும் மனைவியும் எத்தனை மணி நேரம் களையெடுத்தார்கள் என்று நாள்தோறும் எழுதினார். மனைவியின் மணிக்கணக்கைத் தனிப் பத்தியில் எழுதியிருந்த ஒரே நோட்டு நான் பார்த்தவற்றில் அதுதான். விளைச்சலை அவரே நிறுத்தும் எழுதியிருந்தார். ஆனால் அதில் அவருக்கு நிறைவில்லை. "எங்க தராசு, எங்க கை, எங்க ஆசை. கொஞ்சம் கூடத்தான் காட்டும். நீங்க வந்து ஒருக்கா அளந்து சொல்லணும். என் சர்வே நம்பரு எப்பம் வரும்?" என்று கேட்பார். குலுக்கலில் வந்தால்தான் உண்டு என்பேன். தலையாட்டுவார். மூன்று வருடம் கேட்டார். மூன்று வருடமும் வரவில்லை.

வந்த வருடம் மழை இல்லாத வருடம்.

ஐப்பசியில் ஒரே ஒரு மழை நன்றாகப் பெய்தது. அதை நம்பி ஊரே விதைத்தது. அதற்குப் பிறகு மேற்கே மலையில் மேகம் கூடும், கலையும். கார்த்திகை முழுவதும் ஒரு சொட்டு இல்லை. மார்கழிப் பனியில் உளுந்து தாக்குப்பிடிக்கும் என்றார்கள், பிடிக்கவில்லை. பூத்த பூ உதிர்ந்தது. அந்த ஊருக்கான நான்கு சர்வே எண்களும் கைக்கு வந்தபோது, நான்காவது எண்ணைப் பார்த்ததும் உடனே அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். "நெசமாவா?" என்று மட்டும் கேட்டார்.

அறுப்புக்கு இரண்டு வாரம் முன்னால் வயலைப் பார்க்கப் போனேன். அவர் வயலை வழி கேட்காமலே கண்டுபிடித்திருக்கலாம். சுற்றிலும் பழுப்பாகக் கிடந்த பரப்பில் அது ஒன்றுதான் பச்சை. ஐப்பசி மழையைக் குட்டையில் பிடித்து வைத்து, அதை மூன்று தடவையாகப் பிரித்து விட்டிருந்தார். ஒவ்வொரு செடியிலும் காய்கள் கொத்துக்கொத்தாகக் கறுக்கத் தொடங்கியிருந்தன. அவர் என் முன்னால் நடந்து போனார். ஒரு செடியின் மேல்கூடக் கால்சட்டை உரசாமல் நடந்தார். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டே நின்றார். "இந்த வருசத்துல இப்படி ஒரு வயல் நான் பாக்கல அண்ணாச்சி" என்றேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

வரப்பேறியபோது பன்னிரண்டு பேருக்கு மேல் காத்து நின்றார்கள். மற்ற வயல்களில் இரண்டில் ஏற்கெனவே அறுப்பு முடிந்திருந்தது. அங்கே கிடைத்தது ஒரு கை அள்ளுக்கு மேல் இல்லை. மூன்றாவதும் அப்படித்தான் என்று பார்த்தாலே தெரிந்தது. நான்காவதாக இந்தப் பச்சை வயல் சேர்ந்தால் ஊரின் சராசரி எங்கே போய் நிற்கும் என்று அவர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள். நானும் போட்டிருந்தேன். காப்பீட்டுக்கென்று வைத்திருக்கும் கோட்டுக்கு மேலேயா கீழேயா என்று சொல்ல முடியாத இடத்தில் நின்றது அது. மேலே போனால் ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் கிடையாது.

பக்கத்து வயல்காரப் பெண் முதலில் பேசினாள். என் வயதுதான் இருக்கும். அண்ணாச்சிக்குத் தூரத்து உறவில் தங்கை முறை. கணவர் கேரளாவில் கட்டட வேலை பார்த்த இடத்தில் விழுந்து, இடுப்பொடிந்து வீட்டில் இருந்தார். "மேடம், உங்களைக் குத்தம் சொல்லல. ஆனா நீங்களே பாருங்க. எங்க எல்லார் வயலும் கருகிக் கெடக்கு. இந்த ஒரு வயலைக் காட்டி ஊரே வெளஞ்சுட்டுன்னு எழுதுனா அது நாயமா? முளையைக் கொஞ்சம் அந்த ஓரத்துல அடிச்சாப் போதும். அங்கன செடி சன்னமாத்தான் இருக்கு."

"எண்ணு எங்க சொல்லுதோ அங்கதான் அடிக்கணும்கா. மாத்தி எழுத எனக்கு வராது" என்றேன்.

"அப்பம் எங்க வயலை எழுத யாரு வருவா?"

வேறு ஒருவர் அண்ணாச்சியிடமே திரும்பினார். "ஏண்ணாச்சி, நீரு காப்பீடும் கட்டல. உமக்கு இதுல போறது ஒண்ணும் இல்ல. மேடம்கிட்ட நீரு ஒரு வார்த்த சொன்னா என்ன?" உண்மைதான், அவர் காப்பீடு செய்துகொள்வதில்லை. தன் பயிர் கருகும் என்று பணம் கட்ட மனம் வரவில்லை என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். இப்போது அவர் யாரையும் பார்க்காமல், குழாயில் கசிந்த ஓர் இணைப்பைத் திருகிக்கொண்டு நின்றார். அந்தப் பெண் கடைசியாக அவரைப் பார்த்து, மெதுவான குரலில், "ஒங்க பயிரு நல்லா இருக்கதுல எங்களுக்குப் பொறாமை இல்லண்ணே. ஆனா நாங்க என்ன செய்ய?" என்றாள். கூட்டம் கலைந்தது.

அந்த இரண்டு வாரமும் எனக்கு நிம்மதி இல்லை. நான் கீழப்பாவூரில் பிறந்தவள். பிசானப் பருவத்து நெல் கருகினால் ஒரு வீடு எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முளையை நான்கு அடி தள்ளி அடித்தால் யாருக்குத் தெரியும் என்று நானும் யோசித்தேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். என்னைத் தடுத்தது நேர்மை மட்டும்தானா என்று தெரியவில்லை. தராசில் உப்புப் பாக்கெட்டை வைத்துப் பார்த்த மனிதரின் வயலில் போய்ப் பொய் எழுதுவதா என்ற கூச்சமும் இருந்தது. நாற்பது வயல்கள் கருகியதும் உண்மை, ஒரு வயல் விளைந்ததும் உண்மை. குலுக்கலில் அந்த ஒன்று வந்ததில் யார் தப்பும் இல்லை. ஆனால் இந்த மூன்றையும் கூட்டி வரும் சராசரி அந்த ஊரைப் பற்றிச் சொல்லப்போவது பொய். இதை மேலதிகாரியிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். "நாலு வயலை வச்சு ஒரு ஊரைச் சொன்னா அப்படித்தாம்மா. நூறு ஊரைச் சேர்த்துப் பாத்தா சரியா வந்துரும்" என்றார். அவர் சொன்னது புத்தகப்படி சரி. நூறு ஊரும் சேர்ந்து ஒரு வீட்டில் இருக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அறுப்பு நாள் காலையில் பனி விலகுவதற்கு முன்பே போய்விட்டேன். கயிறு, முளை, தார்ப்பாய், தராசு எல்லாம் ஸ்கூட்டரில் இருந்தன. வரப்பில் ஏறிப் பார்த்தபோது வழி தவறி வந்துவிட்டோமா என்று ஒரு கணம் தோன்றியது. பச்சை இல்லை. வயல் முழுக்க மொட்டைத் தண்டுகள் நின்றன. இடையில் ஆட்டுப் புழுக்கை. மண்ணெல்லாம் குளம்படி. மழைத்தூவான் குழாயைச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தது. ஆடு மிதித்துவிடாமல் முன்கூட்டியே யாரோ கவனமாகச் சுருட்டியது என்பது பார்த்ததும் தெரிந்தது.

அண்ணாச்சி குட்டைக் கரையில் உட்கார்ந்திருந்தார். முகச்சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டிருந்தார்.

"என்னாச்சு அண்ணாச்சி?"

"ஆடு மேஞ்சுட்டு மேடம்."

"எப்பம்?"

"முந்தாநாளு. உரத்துக்குக் கெடை போட வந்த ஆடு. ஒரு முன்னூறு உருப்படி இருக்கும்."

"நீங்க எங்க போனிய?"

"இங்கனதான் இருந்தேன்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவராகவே சொன்னார். "அன்னைக்கு அவ்வளவு பேரு கேட்டாவ, நீங்க மாத்தி எழுத மாட்டேன்னு சொன்னிய. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. உள்ளதை எழுதுத ஆளுகிட்டதான் நான் மூணு வருசமா அளக்கக் கேட்டேன். உங்களைப் பொய் எழுத வைக்க எனக்கு இஷ்டம் இல்ல. அதே நேரம் அந்தப் பக்கத்து வயல் பிள்ளை வீட்டுல அடுப்பு எரியணும்லா. இப்பம் நீங்க உள்ளதை எழுதலாம். ஆடு மேஞ்சது உள்ளதுதான?"

மேலதிகாரிக்குப் போன் செய்தேன். இப்படி அழிந்துபோன வயலைக் காரணம் எழுதி விட்டுவிட்டு, பட்டியலில் அடுத்து இருக்கும் சர்வே எண்ணுக்குப் போகச் சொன்னார். படிவத்தில் 'ஆடு மேய்ந்தது' என்று எழுதினேன். யார் மேயவிட்டது, எதற்காக என்பதற்கு அதில் இடம் இல்லை. இருந்திருந்தால் எழுதியிருப்பேனா? பல வருடம் கழித்தும் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அடுத்த எண் ஊருக்குத் தெற்கே ஒரு வயலைக் காட்டியது. அதுவும் கருகியதுதான். அங்கே முளையடித்து, ஐந்து மீட்டர் சதுரத்தில் இருந்ததைப் பறித்து முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

திரும்பும்போது அண்ணாச்சி தன் வீட்டுக்கு வந்துவிட்டுப் போகச் சொன்னார். அவர் மனைவி என்னை உட்காரச் சொல்லிவிட்டு, அவர் இருக்கும்போதே பேச ஆரம்பித்தார். "ஊருக்குக் குடுத்தது சரி மேடம், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஒரு படி உளுந்து வடைக்கு எடுத்து வைன்னேன். தொடக்கூடாதுன்னுட்டாக. எழுபது நாளு இந்தக் கையால களை பறிச்சது நானும்தான்." அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டே உள்ளே போய் ஒரு துணிப்பையோடு வந்தார். அதை என் முன்னால் வைத்தார்.

ஆடு வருவதற்கு முந்தின நாள், அவரும் மனைவியுமாக நான்கு முளை அடித்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, உள்ளே இருந்த செடியை மட்டும் பறித்திருக்கிறார்கள். மாடியில் காயவைத்து, அடித்து, தூற்றி, கல் பொறுக்கி வைத்திருந்தார். "நான் நிறுக்கல. நீங்க நிறுத்துச் சொல்லணும்னு வச்சிருக்கேன். எழுத வேண்டாம். எனக்குச் சொன்னாப் போதும்" என்றார்.

"நல்ல எடமாப் பாத்து அறுத்தியளா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் அதுதான் என் வேலை. அவர் கோபப்படவில்லை. சாமி படத்துக்குக் கீழே இருந்த தகரப் பெட்டியைத் திறந்து, பழைய பஸ் டிக்கெட் கட்டு ஒன்றை எடுத்துக் காட்டினார். கண்களை மூடிக்கொண்டு இரண்டு டிக்கெட் உருவச் சொன்னாராம் மனைவியிடம். முதல் டிக்கெட்டின் கடைசி இரண்டு எண் நீளவாக்கில் அடி, இரண்டாவதன் கடைசி இரண்டு எண் அகலவாக்கில். தென்மேற்கு மூலையிலிருந்து எட்டி வைத்துப் போயிருக்கிறார். "போய் நின்ன எடம் கொஞ்சம் சன்னந்தான். மாத்திப்போமான்னு இவ கேட்டா. முடியாதுன்னுட்டேன்" என்றார்.

தராசைத் தரையில் வைத்துச் சமன் பார்த்தேன். உளுந்தை முறத்தில் கொட்டி, காலிப் பையைத் தராசில் வைத்து அதன் எடையைக் கழித்தேன். உளுந்தைத் திரும்பப் பையில் கொட்டினேன். எண் ஓடி நின்றது. சொன்னேன். அந்தப் பருவத்தில் மட்டுமில்லை, நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்தப் பக்கத்தில் மானாவாரி உளுந்தில் அப்படி ஒரு எடையை நான் பார்த்ததில்லை. அதையும் சொன்னேன். அவர் திரும்ப ஒருமுறை எண்ணைக் கேட்டார். இரண்டாம் முறை சொன்னபோது மனைவியைப் பார்த்தார். அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டார். அண்ணாச்சி நோட்டை எடுக்கவில்லை. தராசின் எண் அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி" என்றார்.

சற்றுப் பொறுத்து அடுக்களையிலிருந்து, "இனி இதைத் தொடலாமா?" என்று கேட்டது. தொடலாம் என்றார். அன்று மதியம் அந்த உளுந்தில் ஒரு பங்கைப் போட்டு உளுந்தஞ்சோறு வைத்து, எள்ளுத் துவையலும் அரைத்தார் அவர் மனைவி. மூன்று பேரும் சாப்பிட்டோம். ஓர் ஊரின் மிகச் சிறந்த விளைச்சலுக்கான ஒரே சான்று அப்படித் தீரத் தொடங்கியது.

காப்பீட்டுப் பணம் வர நாளாயிற்று. வந்தது. அண்ணாச்சியை ஊர் தலையில் தூக்கி வைத்து ஆடிவிடவில்லை. கிடைக்காரரிடம் அவர் ரகசியமாகப் பணம் வாங்கிக்கொண்டு ஆட்டை விட்டார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. புத்தி பிசகிவிட்டது என்றும் சிலர் சொன்னார்கள். இரண்டையும் அவரிடமே சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். அவர் மறுக்கவும் இல்லை, விளக்கவும் இல்லை. பக்கத்து வயல்காரப் பெண் மட்டும் அடுத்த ஆவணியில் ஒரு காலை நேரத்தில் மண்வெட்டியோடு வந்து, தூர்ந்திருந்த அவருடைய குட்டையில் இறங்கி வெட்ட ஆரம்பித்திருக்கிறாள். கூப்பிடவும் இல்லை, கூலியும் பேசவில்லை. மூன்று நாள் வெட்டினாளாம். அந்த மூன்று நாளையும் அண்ணாச்சி தன் நோட்டில் மணிக்கணக்கோடு எழுதி வைத்திருந்ததைப் பிறகு பார்த்தேன்.

எனக்குப் பதவி உயர்வு வந்தது. களத்துக்குப் போவது குறைந்தது. இப்போது விளைச்சல் மதிப்பீட்டில் பாதி செயற்கைக்கோள் படத்திலேயே நடக்கிறது. எங்கே பச்சை, எங்கே பழுப்பு என்று ஒவ்வொரு வயலுக்கும் நிறம் போட்டு மேசைக்கு வந்துவிடுகிறது. அந்த வருடத்தில் இந்தப் படம் இருந்திருந்தால், நாற்பது பழுப்புக்கு நடுவே ஒரு பச்சையை யாரும் ஊர் என்று நினைத்திருக்க மாட்டார்கள். அவரும் ஆட்டை விட்டிருக்க வேண்டாம். புது முறை எதையாவது சரிசெய்யும்போதெல்லாம் சந்தோஷத்தோடு இந்த எண்ணமும் வருகிறது. இப்போதும் சில வயல்களில் போய் அறுத்துப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது. படம் சொல்வது சரியா என்று பார்க்க.

கடந்த தை மாதம், அப்படி அறுக்க வேண்டிய வயல்களின் பட்டியல் கையெழுத்துக்கு வந்தது. அந்த ஊரும் இருந்தது. அவருடைய சர்வே எண்ணும் இருந்தது. நான் போக வேண்டிய அவசியம் இல்லை. போனேன்.

அண்ணாச்சி இளைத்திருந்தார். காதும் கொஞ்சம் மந்தம். வரப்பில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அந்த வருடம் மழைக்குக் குறைவில்லை; ஆனால் காய் முற்றும் நேரத்தில் மூன்று நாள் அடைமழை விழுந்து பாதி காய் வெடித்து மண்ணில் கொட்டிவிட்டது. எல்லா வயலும் அப்படித்தான். முளை விழுந்த இடத்தில் பறித்து, பக்கத்துக் களத்தில் காயவைத்து, இரண்டு நாள் கழித்து அடித்து நிறுத்தோம். சாதாரண எடை. நடுத்தரத்துக்கும் கொஞ்சம் கீழே. செல்போன் செயலியில் எண்ணை ஏற்றுவதற்கு முன்னால் அவரிடம் காட்டினேன். போனைத் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அரசாங்கம் அவருடைய வயலில் எடுக்கும் ஒரே அளவு அதுதான். இனி எந்தப் பதிவைத் திறந்தாலும் அவர் இதுதான். "அன்னைக்குள்ளதையும் எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கலாம் அண்ணாச்சி" என்றேன், காதருகில் குனிந்து.

"அது அந்த வருசம். இது இந்த வருசம். ஏத்திருங்க" என்றார்.

ஏற்றப் போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து, முளைகள் இன்னும் நின்ற அந்தச் சதுரத்துக்குள் மெதுவாக நடந்தார். எங்கள் ஆட்கள் பறித்த இடத்தில் குனிந்து, காய்ந்த இலைக் குப்பையை விரலால் விலக்கினார். ஒரு காய் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னும் ஒன்று. வடக்குக் கயிற்றோரம் மூன்று. ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க, தராசின் பக்கம் வந்தார். "உள்ள கெடந்தது மேடம். கயித்துக்குள்ள கெடந்தது" என்று சொல்லி, காய்களைக் கசக்கித் தோலை ஊதிவிட்டு, உளுந்தைத் தராசில் போட்டார்.

எண் இரண்டு கிராம் ஏறி நின்றது.

"இப்பம் ஏத்துங்க" என்றார்.